பெயரும் வாசகமும்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டாவது அத்தியாயத்தில் ராஜாமணி என்று வைத்த பெயர் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் பிடிக்காமல் போய்விட்டால், முதலிலிருந்து புரட்டி, அடித்து, சபேசன் என்று எழுதிவிடலாம். ராஜாமணி கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் கதை வாரப் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தால் இந்தச் சௌகரியம் கிடையாது. போன வாரம் வரை ராஜாமணியாக இருந்தவன் இந்த வாரம் சபேசனாக வந்து நின்றால், வாசகர் அவனை யாரோ புதிய ஆள் என்று எண்ணிக்கொள்வார். ராஜாமணி என்ன ஆனான் என்று கடிதம் எழுதுவார். நான் ஒரு முறை ஒரு பாத்திரத்தின் இனிஷியலை மட்டும் மறதியாக மாற்றிவிட்டு, அதற்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதியே ஓய்ந்துபோனேன்.

இப்போது நான் விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது, 1991-லிருந்து நிற்காமல் வந்துகொண்டிருக்கும் ஒரு தொடரில் உள்ள பெயர்களை. அது கதை அல்ல. ஆனாலும் மனிதர்கள் எழுதியது. மனிதர்கள் படிப்பதற்கும் உரியது. ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் கைவைத்து எழுதி வரும் லினக்ஸ் கெர்னல்தான் அது. கெர்னல், டிரைவர் என்றெல்லாம் சொன்னால் சிலருக்கு ராணுவ ஜீப் நினைவுக்கு வரலாம். கம்ப்யூட்டரின் டிஸ்க், கீபோர்டு, திரை எல்லாவற்றையும் உள்ளே இருந்து வேலை வாங்குகிற நடுநாயகமான புரோகிராம் கெர்னல். ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு பாஷை. அந்தச் சாமானுக்கும் கெர்னலுக்கும் நடுவே நின்று பேசுகிற துபாஷிதான் டிரைவர்.

லினக்ஸ் கெர்னலை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு, தமக்கு வேண்டிய துபாஷிகளை மட்டும் அமர்த்தி, சொந்தமாகக் கட்டிக்கொள்ளலாம். யார் வேண்டும், யார் வேண்டாம் என்று அது நம்மைக் கேட்கும். இந்தக் கேள்விகள் பத்தாயிரத்துக்கும் மேல். டிரைவரைப் பற்றிய கேள்வியானால் பெரும்பாலும் மூன்று விடைகள். ஒய் என்றால் உள்ளேயே சேர்த்துக் கட்டு. என் என்றால் வேண்டாம். எம் என்றால் தனியே வைத்திரு, தேவைப்படும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம். கேள்விகளை எழுதும் இன்றைய முறைக்குக் கேகான்ஃபிக் என்று பெயர், 2002-ல் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வாங்கிக்கொண்டால் பிற்பாடு சொல்வதெல்லாம் எளிதாக இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு முகம். ஒன்று பதிவுப் பெயர். கொட்டை எழுத்தில், இடைவெளி இல்லாமல், அடிக்கோடு போட்டு ஒட்டி எழுதியது. நாம் சொன்ன விடையை யந்திரம் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வது இந்தப் பெயரைக் கொண்டுதான். அடுத்த பதிப்புக் கெர்னல் வரும்போது பழைய கோப்பைக் கொடுத்தால், அந்தப் பெயர்களைப் பார்த்து, சொன்ன விடைகளை மறுபடியும் கேட்காமல் விட்டுவிடும். இன்னொரு முகம், திரையில் நமக்குத் தெரிகிற ஒற்றை வரி. அதை வாசகம் என்று சொல்லிக்கொள்வோம். கடை வாசலில் பலகையில் எழுதியிருப்பது மாதிரி. இதை யந்திரம் எங்கும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதற்குக் கீழே, வேண்டுமென்றால் திறந்து படித்துக்கொள்ள ஒரு குறிப்பும் உண்டு. பல குறிப்புகள் ஒரே மாதிரி முடியும்: நிச்சயமாகத் தெரியாவிட்டால் என் என்று சொல்லவும் என்று. எத்தனையோ புத்தகங்களுக்கு முன்னுரை படித்திருக்கிறேன். இவ்வளவு அடக்கமான வாக்கியத்தை எதிலும் கண்டதில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பழைய லாப்டாப்புக்கு ஒரு மெலிந்த கெர்னல் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. எழுத்தாளனுக்கு அத்தியாயம் நகராதபோது வருகிற ஆசைகளில் இது ஒன்று. என் அண்ணா பிள்ளை இந்தத் தொழிலில் இருப்பவன்; வழி காட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நான் ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்து, வேண்டாதவற்றைக் களைந்துகொண்டே வந்தேன். ஓர் இடத்தில் ‘ஸ்கஸி டிஸ்க் ஆதரவு’ என்று இருந்தது. ஸ்கஸி என்பது 1986-ல் அமெரிக்காவில் தர நிர்ணயம் செய்யப்பட்ட ஓர் இணைப்பு முறை; அதில் பூட்டிய டிஸ்க் பெரிய யந்திரங்களில் இருக்கும். என் வீட்டில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. இல்லாத விருந்தாளிக்கு இலை எதற்கு? என் என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

கட்டி முடித்து யந்திரத்தைத் திறந்தால், கறுப்புத் திரை. மூல டிஸ்க்கைக் காணோம், மேற்கொண்டு நடக்க இயலாது என்று இரண்டு வரி. அவ்வளவுதான். அந்த டிஸ்க்கில்தான் என் நாவலின் பதினான்கு அத்தியாயங்கள். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணா பிள்ளையைப் போனில் கூப்பிட்டேன்.

“டிஸ்க் எங்கேயும் போயிடலை சித்தப்பா. அதைப் பார்க்கிற கண்ணை நீங்களே பிடுங்கிட்டீங்க. ஸ்கஸி டிஸ்க்குக்கு என்ன பதில் சொன்னீங்க?”

“அது நம்மகிட்ட இல்லையேடா.”

“உங்க டிஸ்க்குக்கும் அதுதான். பென் டிரைவுக்கும் அதுதான். குறிப்பைப் படிச்சீங்களா?”

படிக்கவில்லை. தவறு என்னுடையது; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய கெர்னலும் கூடவே இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைந்தேன். பதினான்கு அத்தியாயங்களும் இருந்தன. நடுங்கிய கையோடு முதல் காரியமாகப் பிரதி எடுத்தேன்.

பிறகு காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பென் டிரைவ் வெளியே யு.எஸ்.பி. சட்டை போட்டிருந்தாலும், அதனோடு பேசுகிற கட்டளைகள் ஸ்கஸியின் கட்டளைகள்தான். 2003 வாக்கில் சாட்டா டிஸ்க்குகள் பரவியபோது, அவற்றுக்குக் கெர்னலில் புதிதாக வீடு கட்டாமல், ஏற்கெனவே இருந்த ஸ்கஸி வீட்டு மாடியில் குடிவைத்தார்கள். அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. பழைய ஐ.டி.இ. டிஸ்க்குகளும் நாளடைவில் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தன. அவற்றின் பழைய வீட்டை 2021-ல் இடித்தே விட்டார்கள். இவ்வளவு பேர் குடியிருக்கிற வீட்டின் வாசல் பலகையில் மட்டும் முதல் குடித்தனக்காரரின் பெயர் தொங்குகிறது.

இதில் பதிவுப் பெயரை நான் குறை சொல்லவே மாட்டேன். பதிவுப் பெயரை மாற்றினால் என்ன ஆகும்? உலகத்தில் எத்தனையோ யந்திரங்களில் எழுதி வைத்திருக்கிற கோப்புகளில் பழைய பெயர் இருக்கிறது. புதிய கெர்னல் அதைப் படிக்கும். அப்படி ஒரு பெயர் தனக்குத் தெரியாது என்பதால் சாதாரணமாக ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் தள்ளிவிடும். புதிய பெயரைப் புதிய கேள்வியாக எடுத்துக்கொண்டு, அவசரக்காரர் என்டர் விசையை அழுத்தினால் என் என்று பதிந்துகொள்ளும். ராஜாமணி செத்தான், சபேசனை யாரும் அழைக்கவில்லை. மறுநாள் காலையில் யந்திரம் டிஸ்க்கைக் காணோம் என்று நிற்கும். பழைய பெயரில் சொன்ன விடையைப் புதிய பெயருக்குக் கொண்டுவந்து சேர்க்க நெடுங்காலம் சுத்தமான வழி ஒன்றும் இல்லாமல் இருந்து, 2025-ல்தான் அதற்கென்று ஒரு சொல்லை அந்தப் பாஷையில் சேர்த்தார்கள். ஆகவே, பெயர் பொய்யானாலும் அதைக் காப்பாற்றுகிறார்கள். தொடர்கதை எழுதுகிற எனக்கு அது புரிகிறது.

வாசகத்தை மாற்றுவதற்கு என்ன தடை? அதை யந்திரம் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நாளைக்கே ‘டிஸ்க் ஆதரவு: ஸ்கஸி, சாட்டா, யு.எஸ்.பி.’ என்று அந்த ஒரு வரியைத் திருத்தினால் ஒரு கோப்பும் கெடாது, ஒரு யந்திரமும் நிற்காது. என் ஆட்சேபணை இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. இதே கெர்னலில், இதே மனிதர்கள், மற்ற இடங்களில் அழகாகச் செய்திருக்கிறார்கள். ஒலிக்கான டிரைவர் ஒன்று. அதன் பதிவுப் பெயரின் கடைசியில் இன்டெல் என்று ஒட்டியிருக்கும். இன்டெல் கம்பெனி 2004-ல் வகுத்த முறை அது. ஆனால் ஏ.எம்.டி., என்விடியா என்று பல கம்பெனிகளின் சிப்புகளும் அந்த முறையிலேயே பேசுவதால் அவற்றுக்கும் அதே துபாஷிதான். ஏ.எம்.டி. யந்திரம் வைத்திருப்பவன் இன்டெல் என்பதைப் பார்த்து என் என்று சொல்லிவிட்டால் ஊமைப் பெட்டிதான் மிஞ்சும். அதனால் வாசகத்தில் இன்டெல் இல்லை, எச்.டி. ஆடியோ, பி.சி.ஐ. என்று மட்டுமே இருக்கிறது. பதிவில் பழைய பெயர், பலகையில் நிஜம். இன்டெல்லின் திரைக்கான டிரைவருக்கு ஐ915 என்று பெயர். 2004-ல் வந்த ஒரு சிப்பின் எண் அது. அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறைச் சிப்புகள் வந்து அதே பெயரின் கீழ் உட்கார்ந்தன. வாசகத்தில் பின்னால் வந்தவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் உறவுகளைச் சேர்ப்பது போல அது கொஞ்சம் நீண்டுதான் போயிற்று. படிக்க அழகாக இல்லை; ஆனால் உண்மை. ரியல்டெக் கம்பெனியின் நெட்வொர்க் கார்டு டிரைவரிலும் அப்படியே: பெயரில் 8169 என்ற ஒரே எண், வாசகத்தில் 8168, 8101, 8125 என்று பின்னால் வந்தவர்களும்.

கம்பெனிப் பெயரை ஆதாரமாக வைத்துப் பெயர் சூட்டுவது நல்ல வழக்கம் அல்ல என்பது என் அபிப்பிராயம். கம்பெனிகள் சிப்பைவிடச் சீக்கிரம் கைமாறிவிடுகின்றன. எல்.எம்.75 என்று உஷ்ணத்தை அளக்கும் ஒரு சின்னச் சிப் உண்டு. நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனியை 2011-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிவிட்டது. பதிவுப் பெயரில் கம்பெனி இல்லை, எல்.எம்.75 மட்டும் இருக்கிறது; அதனால் பெயருக்கு ஒரு சேதமும் இல்லை. வாசகத்தில் பழைய கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டு, ‘அதனோடு ஒத்துப்போகிறவையும்’ என்று இரண்டு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குள் வேறு பல கம்பெனிகளின் சிப்புகள் அடங்கிவிட்டன. இதற்கு நேர்மாறானது திங்க்பேட் லாப்டாப்புக்கான டிரைவர். முதலில் அதன் பதிவுப் பெயரில் ஐ.பி.எம். இருந்தது. 2005-ல் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டர் வியாபாரத்தை லெனோவாவுக்கு விற்றது. 2007-ல் டிரைவரின் பெயரை திங்க்பேட் என்று மாற்ற வேண்டி வந்தது. பழைய கோப்பு வைத்திருந்தவர்கள் புதிய கேள்விக்கு மறுபடி பதில் சொன்னார்கள். முதலிலேயே லாப்டாப்பின் பெயரை வைத்திருந்தால் இந்தச் சிரமம் இல்லை.

ஹாஸ்யப் பெயர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனியின் யந்திரங்களில் இருந்த நெட்வொர்க் சிப் ஒன்றுக்கு ஹேப்பி மீல் என்று பெயர், இன்னொன்றுக்குப் பிக்மேக். இரண்டும் அமெரிக்க ஹாம்பர்கர் கடையின் பண்டங்கள். நெட்வொர்க் சிப்பின் ஒரு பகுதிக்குத் தொழில் பாஷையில் மேக் என்று பெயர் உண்டு. அதிலிருந்து சிலேடை கிளம்பி, ஒரு பண்டத்திலிருந்து இன்னொரு பண்டத்துக்குப் போய்விட்டது. சன் கம்பெனியை 2010-ல் ஆரக்கிள் விழுங்கிவிட்டது; ஆனால் கெர்னலின் பட்டியலில் ஹேப்பி மீல் பரிமாறப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கண்டிப்பான விமரிசகர் இதைக் கண்டு முகம் சுளிக்கலாம். எனக்கு என்னவோ ஆட்சேபணை இல்லை. அந்தப் பெயர் யாரையும் ஏமாற்றவில்லை. சன் யந்திரம் இல்லாதவன் ஹேப்பி மீல் தனக்கு வேண்டுமோ என்று மயங்கப்போவதில்லை. உள்ளவனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அதே மாதிரிதான் ரியல்டெக் 8139 சிப்புக்கான டிரைவர். டொனால்ட் பெக்கர் எழுதிய டிரைவர் ஒன்று ஏற்கெனவே அந்தச் சிப்பின் பெயரை எடுத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளைத்து ஜெஃப் கார்சிக் வளர்த்தது ‘8139டூ’ என்று வந்து நின்றது. ‘நானும்கூட’ என்று கைகட்டி நிற்கிற தொனி. நான் பார்த்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு சண்டையும் போடாமல் இரண்டாவது ஆள் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான்.

என்னைச் சங்கடப்படுத்துகிற ஜோடி வேறு. இன்டெல் கம்பெனியின் வேகமான நெட்வொர்க் கார்டுகளுக்கு இ1000 என்று ஒரு டிரைவர் இருந்தது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற புதிய இணைப்பில் அமர்கிற கார்டுகளுக்கென்று பிறகு தனி டிரைவர் பிரித்தார்கள். அதற்கு வைத்த பெயர் இ1000இ. வாலில் ஓர் எழுத்து. இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எக்ஸ்பிரஸ் என்ற சொல் ஒன்றுதான் வித்தியாசம். பெயரில் எழுத்து குறைவு என்பது சின்னக் குற்றம். பெரிய விஷயம் 2008-ல் நடந்தது. அதுவரை இ1000 பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் கார்டுகளை இ1000இ-யின் பொறுப்புக்கு மாற்றினார்கள். பழைய கோப்பில் இ1000-க்கு ஒய் என்று சொல்லி வைத்திருந்தவன் ஒன்றும் தவறு செய்யவில்லை. பெயரும் மாறவில்லை. பெயருக்குள் இருந்த பொருள் பாதி இடம் மாறிவிட்டது. இ1000இ என்ற புதிய கேள்விக்கு, நம்மிடம்தான் இ1000 இருக்கிறதே என்று என் சொன்னவனின் யந்திரம் ஒரு நாள் உலகத்தோடு பேசாமல் போகும். இந்த அபாயம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்ச காலத்துக்கு, இ1000இ-யைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு மட்டும் பழைய டிரைவரே அந்தக் கார்டுகளையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று தயவு காட்டியிருந்தார்கள். இருந்தாலும் நான் இதைப் பெயர் மாற்றத்தைவிடக் கடுமையான பிழை என்றே கருதுகிறேன். பெயர் மாறினால் அடுத்த முறை புதிய கேள்வியாவது கண்முன் வந்து நிற்கும். பெயர் இருந்து பொருள் போனால் சந்தேகப்படக்கூடத் தோன்றாது.

நல்ல காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011-ல் நெட்வொர்க் கார்டு டிரைவர்களையெல்லாம் கம்பெனி வாரியாகப் பிரித்து அடுக்கினார்கள். கம்பெனிப் பெயரைப் பற்றி நான் மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். ஆனால் அந்தக் கம்பெனிக் கேள்விகளை எழுதியவருடைய மனத்தைப் பாருங்கள். கேட்காமலே எல்லாவற்றுக்கும் ஒய் என்று வைத்துவிட்டார்கள். பழைய கோப்பு வைத்திருப்பவனுக்கு ஒரு டிரைவரும் நழுவிவிடக் கூடாதே என்று. குறிப்பில், இந்தக் கேள்விக்கான விடை கெர்னலை நேராகப் பாதிக்காது, என் என்று சொன்னால் அந்தக் கம்பெனிக் கார்டுகளைப் பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போவோம், அவ்வளவுதான் என்று வெள்ளையாகச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கிறவனை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிய இடம் அது. விமரிசகன் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் ஸ்கஸி டிஸ்க் விஷயத்தில் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? சும்மா இருந்துவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. அண்ணா பிள்ளை ஊரிலிருந்து திரும்பி வந்ததும் காட்டினான். யு.எஸ்.பி. சாமான்களுக்கான பட்டியலின் நடுவே, கேள்வியாக இல்லாமல், வெறும் அறிவிப்பாக இரண்டு வரி போட்டிருக்கிறது. யு.எஸ்.பி. டிஸ்க்குக்கு ஸ்கஸி வேண்டும், ஸ்கஸி டிஸ்க்குக் கேள்விக்கும் ஒருவேளை ஒய் சொல்ல வேண்டியிருக்கும் என்று. என்னைப் போல் எத்தனை பேர் முட்டிக்கொண்ட பிறகு அந்த அறிவிப்பை வைத்தார்களோ! தன் வீட்டுப் பலகையைத் திருத்தாமல், அடுத்த தெருவில் ஒரு பலகை நட்டு, அந்த வீட்டில் இவர்களும் இருக்கிறார்கள் என்று அம்புக்குறி போட்ட மாதிரி இருக்கிறது.

இதற்கு அண்ணா பிள்ளை ஒரு சமாதானம் சொன்னான். அந்த வாசகத்தைப் பல வருஷங்களாக ஆயிரம் பேர் ஆயிரம் இடங்களில் வழிகாட்டிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றினால் தேடுகிறவன் தவிப்பான். தெரிந்தவர்கள் கண் பழகிய வரியைக் காணாமல் திகைப்பார்கள் என்றான். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்கஸி டிஸ்க் என்ற சொற்களை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லையே. அவை முன்னால் அப்படியே இருக்கட்டும். எல்.எம்.75-க்குச் செய்த மாதிரி பின்னால் இரண்டு வார்த்தை சேர்க்கக் கூடாதா? தெரிந்தவனுக்குப் பலகையே தேவையில்லை. தெரியாதவனுக்காகத்தான் அதை எழுதுகிறோம். தெரியாதவனிடம் குறிப்புகள் என்ன சொல்லி வைத்திருக்கின்றன? நிச்சயமாகத் தெரியாவிட்டால் என் என்று சொல். நான் அந்தப் புத்திமதியைக் கேட்டுத்தான் நடந்தேன்.

“நீங்களே ஒரு வரி திருத்தி அனுப்புங்களேன் சித்தப்பா. யார் வேணும்னாலும் அனுப்பலாம்” என்றான். காரணத்தையும் எழுதி அனுப்ப வேண்டுமாம். இந்தக் கட்டுரையில் பாதி அதற்காக எழுதிப் பார்த்தது.

அன்று ராத்திரி மறுபடியும் உட்கார்ந்தேன். ஸ்கஸி டிஸ்க் கேள்விக்கு வந்ததும், இந்த முறை கேள்விக்குறி விசையை அழுத்திக் குறிப்பைத் திறந்தேன். முதல் வாக்கியத்திலேயே எல்லாம் இருந்தது. ஸ்கஸி டிஸ்க், ஃபைபர் சேனல் டிஸ்க், சாட்டா, பாட்டா, யு.எஸ்.பி. டிஸ்க், அவற்றோடு ஐயோமேகா கம்பெனியின் சிப் டிரைவ்கூட. அந்தச் சிப் டிரைவைக் கடையில் பார்த்து எவ்வளவோ வருஷம் ஆகிறது. குறிப்பை மூடிவிட்டு, ஒய் என்று அழுத்திவிட்டு, பதினைந்தாவது அத்தியாயத்தை எடுத்துக்கொண்டேன்.